மழைக்கோட்டுக்கு ஒரு மழை

மனிதன் வானத்தை வென்றது விமானத்தால் அல்ல, ராக்கெட்டாலும் அல்ல. ஒரு நல்ல கோட்டால். குகையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து மனிதகுலம் பட்ட பாடெல்லாம், மழையில் குனியாமல் நிமிர்ந்து நடக்க வேண்டும் என்ற ஒரே ஆசையில்தான் போய் முடிகிறது.

இந்த உண்மை வானிலை அலுவலகத்தின் துணை முன்னறிவிப்பாளருக்கு உதித்தபோது, அவர் தலைமேல் மடித்த செய்தித்தாளை வைத்துக்கொண்டு, மூடிய மருந்துக்கடையின் ஷட்டரோடு பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார். அந்தச் செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தில் அவரே கையெழுத்திட்ட அறிக்கை இருந்தது: வானம் தெளிவாகக் காணப்படும். மை கரைந்து நெற்றியில் இறங்கியது. வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தபோது ‘தெளிவாக’ என்பது வரைக்கும் நேராகவே படிக்க முடிந்தது.

அலுவலகத்தில் அவருக்கு ‘ஈரப்பதம்’ என்று பெயர். முகத்துக்கு நேரே சார் என்பார்கள், முதுகு திரும்பியதும் ஈரப்பதம். எது கெட்டாலும் காரணம் அதுதான் என்று சொல்லுவார். லிப்ட் நின்றால் ஈரப்பதம். பேனா எழுதாவிட்டால் ஈரப்பதம். தம்பதிகள் சண்டை போட்டுக்கொண்டால்கூட, பருவநிலையைக் கொஞ்சம் விசாரித்துப் பார்க்கச் சொல்லுவார்.

தலைமை முன்னறிவிப்பாளர் ஓய்வு பெற்று நாற்காலி காலியாக இருந்தது. அதில் யாரை உட்கார வைப்பது என்று நேரில் பார்த்து முடிவுசெய்ய ஒரு தேர்வுக் குழு வரப்போகிறது. ஈரப்பதம் துணையாகவே நரைத்தவர். அடுத்த வருஷம் அவருக்கும் ஓய்வு. இதை விட்டால், துணையாகவே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அவருக்கு ஒரு சகலை இருந்தார். மனைவியின் அக்காவைக் கட்டியவர், குடிநீர் வாரியத்தில் தலைமைப் பொறியாளர். வீட்டு விசேஷங்களில் பந்தியே திரும்பிப் பார்க்கிற குரலில், “என்ன துணை, சௌக்கியமா?” என்று கேட்பார். பதினைந்து பேர் சிரிப்பார்கள். அதில் மனைவியும் ஒருத்தி.

தேர்வுக் குழுவின் தலைவர் ஆடை பார்ப்பவர் என்று ஒரு பேச்சு இருந்தது. வேறொரு அலுவலகத்தில் செருப்போடு வந்தவருக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டாராம். ஈரப்பதத்துக்கு அது போதும்.

மச்சினன் ஓர் ஆண்கள் ஆடைக் கடையில் மேல்மாடிக்குப் பொறுப்பு. முன்பு ‘சேல்ஸ்மேன்’ என்று இருந்த அட்டையில் இப்போது ‘ஆடை ஆலோசகர்’ என்று போட்டிருந்தான். வேலை அதேதான், ஆனால் மடித்த சட்டையை வாடிக்கையாளர் கலைத்தால் முன்பு மாதிரி உடனே மடிப்பதில்லை. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு மடிப்பான்.

“அத்தான், மழைக்கு உடுத்தறதுங்கறது வெயிலுக்கு உடுத்தற மாதிரி இல்ல,” என்று ஆரம்பித்தான். “வெயில்ல அவங்கவங்க கண்ணைச் சுருக்கிக்கிட்டு அவங்கவங்க வழியில போவாங்க. மழையில ஊரே ஏதாவது ஒரு கூரைக்குக் கீழ சும்மா நிக்குது. பார்க்கறதுக்கு வேற எதுவும் கிடையாது. அந்த நேரத்துல ரோட்டுல போற ஒரே ஆள் நீங்க.”

ஷட்டரோடு ஒட்டி நின்ற தன்னையும் அப்படி யாரோ பார்த்திருப்பார்கள் என்று ஈரப்பதத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

“ஏன், இவர் கூரைக்குக் கீழ நிக்க மாட்டாரா?” என்றாள் கூட வந்த மனைவி.

“க்ளாசிக்கா உடுத்தற ஆளுங்க கூரைக்குக் கீழ நிக்க மாட்டாங்கக்கா.”

“வேற எங்க நிப்பாங்க?”

“நிக்கவே மாட்டாங்க. நடந்துகிட்டே இருப்பாங்க.”

“எங்க போறதுக்கு?”

இதற்குப் பதிலாக ஆலோசகர் ஒரு கோட்டைக் காட்டக் கூட்டிப்போனான்.

முதலில் பிளாஸ்டிக் மழைக்கோட்டுகள் இருந்த வரிசையை மூவரும் கடக்க வேண்டியிருந்தது. மனைவி ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். “இது நல்லாத்தானே இருக்கு? தண்ணி போகாது, மடிச்சு வெச்சுக்கலாம்.”

“போடலாம். போட்டா ஆள் பார்சல் மாதிரி இருப்பார். யாராவது எடுத்துட்டுப் போயிடுவாங்க.”

அவன் எடுத்துக்கொடுத்த கோட் முழங்காலுக்குக் கீழே இறங்கியது. ஈர மண் நிறம். நெருக்கமாக நெய்த கெட்டித் துணி, இரண்டு வரிசைப் பொத்தான், இடுப்பில் பெல்ட், தோளில் இரண்டு பட்டைகள்.

“இந்தப் பட்டை எதுக்கு?”

“பட்டாளத்துல பதவிச் சின்னம் குத்தறதுக்கு வெச்சது அத்தான்.”

“நமக்கு எதுக்குப்பா?”

“பதவி வர்ற நேரத்துல பட்டையைத் தேடிக்கிட்டு இருக்கக் கூடாது இல்லையா?”

ஈரப்பதம் அங்கேயே விழுந்துவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அலங்காரம்தான்.

பேன்ட் கம்பளி கலந்ததாக இருக்க வேண்டும், நனைந்தாலும் மடிப்பு சாகாது. கணுக்காலோடு நிற்க வேண்டும், தெருவைப் பெருக்கக் கூடாது. வெளிர் நிறம் கூடவே கூடாது. “ஒரு சொட்டு தெறிச்சாலும் ஊருக்கே தெரியும் அத்தான். அதுவும் எந்த இடத்துல தெறிச்சிருக்குங்கறதைப் பொறுத்து வேற அர்த்தம் ஆயிடும்.” கருநீலத்தில் முடிந்தது. ஷூ மேலே தோல், அடியில் ரப்பர். பஞ்சு மாதிரி மேல்தோல் உள்ள ஷூவை ஈரப்பதம் ஆசையோடு தடவினார். அது நனைந்தால் நனைந்த பூனை மாதிரி ஆகிவிடும் என்று மச்சினன் கையைத் தட்டிவிட்டான். குடைக்கு வளைந்த மரக் கைப்பிடி. மடக்குக் குடையைப் பற்றிப் பேச்செடுத்தபோது ஆலோசகரின் முகம் சுருங்கியது.

“பையிலேர்ந்து எடுத்து உதறி, அது திறக்காம, திரும்ப உதறி. பெரிய மனுஷன் ஒருத்தர் நடுரோட்டுல கோழி பிடிக்கிற மாதிரி இருக்கும்.”

கடைசியாக ஒரு தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து, ஈரப்பதத்தின் தோளில் சாவகாசமாக ஊற்றினான். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது.

“பாருங்க. ஒரு சொட்டு உள்ள போகுதா?”

“தாமரை இலை,” என்றார் ஈரப்பதம், கண்ணாடியை விட்டுக் கண்ணெடுக்காமல். எல்லாத் தண்ணீரும் ஓரமாக இறங்கி அவர் காலுறைக்குள் போயிருந்தது. அதைச் சொல்வது அந்த நேரத்துக்குப் பொருத்தமாகப் படவில்லை.

“வெளிய இருக்கறது உள்ள போகாது, சரி,” என்றாள் மனைவி. “உள்ள இருக்கறது வெளிய வருமா?”

“என்னக்கா கேள்வி இது?”

“சும்மா கேட்டேன்.”

விலையைக் கேட்டபோது அவள் பிளாஸ்டிக் கோட்டு வரிசையை இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

கோட் வீட்டுக்கு வந்த அன்றோடு மழை நின்றது.

ஈரப்பதம் அதைக் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்தார். சாயங்காலங்களில் எடுத்துப் போட்டுக்கொண்டு, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே கை பின்னால் கட்டி நடந்தார். மனைவி பாத்திரம் கழுவியபடி, “கொஞ்சம் தள்ளி நடங்க, தண்ணி தெறிக்குது,” என்றாள். அவர் தள்ளவில்லை. தெறிக்கட்டும் என்றுதான் அங்கே நடந்தார்.

மழை இல்லாவிட்டால் என்ன, கோட்டை மாட்டிக்கொண்டு குழுவின் முன் போய் நிற்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். அந்த அலுவலகத்தில், வேறெந்த அலுவலகத்திலும் இல்லாத ஒரு விதி இருந்தது. அறிக்கைப்படி உடை.

பல வருஷங்களுக்கு முன்னால், வானம் தெளிவு என்று அறிக்கை போன ஒரு நாளில், அலுவலகத்து ஆள் ஒருவர் கையில் குடையோடு வாசலைத் தாண்டிவிட்டார். எதிரே பஸ் நிறுத்தத்தில் இருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். ஒருவர் படம் பிடித்தார். மறுநாள் பத்திரிகையில் அந்தக் குடையும், அதன் பக்கத்திலேயே அறிக்கையும் வந்தன. அப்போதிருந்து வாய்மொழி உத்தரவு: அலுவலகத்துக்கு வரும்போதும் போகும்போதும், வளாகத்துக்குள் இருக்கும்போதும், எல்லாரும் அன்றைய அறிக்கை என்ன சொல்கிறதோ அதற்கு ஏற்றபடி உடுத்த வேண்டும். தெளிவு என்று அறிக்கை போன நாளில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றினாலும், குடை இல்லாமல், ஓடாமல், நிலா வெளிச்சத்தில் உலாவுவது மாதிரி நனைந்துகொண்டு போவார்கள். மழை என்று சொன்ன நாளில் குடை. எதிரே இருந்த டீக்கடைக்காரர் இவர்களைப் பார்த்துத்தான் பெஞ்சு எடுப்பதையும் போடுவதையும் முடிவு செய்வார். இவர்கள் குடையோடு வந்தால் பெஞ்சுகளை வெளியே போடுவார்.

ஆக, தேர்வுக் குழு வருகிற நாளில் கோட் போட வேண்டுமென்றால், அன்றைய அறிக்கையில் மழை இருக்க வேண்டும். அறிக்கை எழுதுவது முறை வைத்து. ஒருநாள் ஈரப்பதம், மறுநாள் காற்றுப் பிரிவு மேடம். மேடமும் அந்த நாற்காலிக்கு விண்ணப்பித்திருந்தார். குழு வருகிற நாளுக்கான அறிக்கை மேடத்தின் முறையில் விழுந்தது.

“உங்களுக்கு எதுக்கும்மா கஷ்டம்? மறுநாள் நேர்காணல் வேற. நான் எழுதிடறேன், நீங்க போய் ரெஸ்ட் எடுங்க,” என்றார் ஈரப்பதம்.

“உங்களுக்கும் நேர்காணல் இருக்கே சார்?”

“எனக்குப் பழக்கம்மா. மூணு தடவை போய்ட்டு வந்தவன்.”

மேடம் நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தார். வீட்டுக்குப் போகாமல் பின்னாலேயே நின்றார். ஈரப்பதம் திரையில் மேகப்படத்தை விரித்தார். நிலம் வெறுமையாக இருந்தது. கடல் அதைவிட வெறுமையாக இருந்தது. அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றி, கடலின் ஓர் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார்.

“இது என்னன்னு சொல்றீங்க?”

“அது திரையில இருக்கற கைரேகை சார்.”

“அது தெரியும். அதுக்குப் பக்கத்துல.”

மேடம் குனிந்து பார்த்தார். “ஒண்ணும் இல்லையே சார்.”

“இப்ப இல்ல. வரணும்னா அந்தப் பக்கமாத்தான் வந்தாகணும்.”

இதை மறுக்க முடியாது. உலகத்தில் எந்த மேகமும் வரணும் என்றால் ஏதாவது ஒரு பக்கமாகத்தான் வந்தாக வேண்டும்.

ஈரப்பதம் பொய் எழுதுகிறவர் அல்ல. இதைச் சொல்லிவிட வேண்டும். தன் பணிக்காலம் முழுவதிலும் நம்பாத ஒரு வரியை அவர் எழுதியதில்லை. அந்தச் சாயங்காலமும், நம்பிக்கை வருகிற வரைக்கும் அந்த வெறும் கடலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோட் வாங்கியவனுக்கு நம்பிக்கை வர ரொம்ப நேரம் ஆகாது. மிதமான மழை என்று முதலில் எழுதினார். மிதமான மழைக்குக் குடை போதுமே என்று யாராவது கேட்கக்கூடும் என்று தோன்றியது. அடித்துவிட்டு, பரவலாகக் கனமழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“சார், கனமழைன்னா ஸ்கூலுக்கு லீவு விடுவாங்க,” என்றார் மேடம்.

“விடட்டும். குழந்தைங்க நனையக் கூடாது.”

பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். மீன்பிடிப் படகுகளைக் கரையில் இழுத்துக் கட்டினார்கள். மின்வாரியம் முன்னெச்சரிக்கையாகச் சில தெருக்களில் கரண்டை நிறுத்தியது.

காலையில் சூரியன், சொல்லாமல் வந்த சம்பந்தி மாதிரி வாசலில் வந்து நின்றது. விடுமுறை கிடைத்த பிள்ளைகள் தெருவில் பந்து விளையாடினார்கள். மனைவி மாடியில் துணி காயப்போட்டுவிட்டுக் காலி வாளியோடு இறங்கி வந்தாள்.

“என்னங்க, வெளிய பொட்டு மேகம்கூட இல்ல.”

“அறிக்கையில இருக்கு.”

“அறிக்கையைப் பிழிஞ்சா தண்ணி வருமா? இத்தனை வருஷமா உங்க அறிக்கையை நம்பித் துணியை உள்ள எடுத்து, காயாத துணியைத்தான் இந்த வீட்டுல எல்லாரும் உடுத்திக்கிட்டு இருந்தோம். இன்னிக்குத்தான் முதல் தடவையா வெளிய போட்டிருக்கேன்.”

“அதுவும் இன்னிக்குத்தான் போடணுமா?”

“நீங்க கனமழைன்னீங்க. அதான் தைரியமாப் போட்டேன்.”

அவர் கம்பளிப் பேன்ட்டை ஏற்றினார். டை கட்டினார். கோட்டைப் போட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு பெல்ட்டை இறுக்குவதற்குள் நெற்றியில் முத்துக் கோத்துவிட்டது. மனைவி வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க வெந்துடுவீங்க.”

“தலைமைன்னா கொஞ்சம் வேகத்தான் வேணும்.”

“அங்க போய் மயக்கம் போட்டு விழுந்தீங்கன்னா, எங்க அக்கா வீட்டுக்காரர் முதல் ஆளா ஆஸ்பத்திரிக்கு வந்து நிப்பார். துணை எப்படி இருக்குன்னு கேப்பார்.”

ஈரப்பதம் இதை யோசித்தார்.

“உள்ள வாங்க,” என்றாள் அவள் எழுந்து.

கொஞ்ச நேரம் கழித்து அவர் வெளியே வந்தபோது, கோட் கழுத்து வரைக்கும் பூட்டியிருந்தது. வெள்ளைக் காலரும் நீல டையும் மிடுக்காக நிமிர்ந்து நின்றன. முன்னைவிடச் சற்று ஒல்லியாகவும், ஓரளவு நிம்மதியாகவும் தெரிந்தார்.

அலுவலக வாசலில் மொத்த ஊழியர்களும் வரிசையாகக் குடை விரித்து நின்றிருந்தார்கள். வெயில் சுட்டெரித்தது. காவலாளி முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டு, தொப்பியின் மேல் பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தார். எதிரே டீக்கடையில் எல்லாப் பெஞ்சுகளும் வெளியே வந்திருந்தன. பெஞ்சில் இடம் இல்லாமல் சிலர் நின்றுகொண்டும் வேடிக்கை பார்த்தார்கள்.

“சார், எங்க பக்கமும் கொஞ்சம் அனுப்பி வைங்க,” என்றார் ஒருவர்.

“அவர் மேலதான் பெய்யுதுப்பா, பாரு, மூக்குல சொட்டுது,” என்றார் இன்னொருவர்.

ஈரப்பதம் குடையின் மரக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தொலைவில் கடல் இருந்த திசையைப் பார்த்தபடி நின்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்களே, இங்கே மழையே வராமல் தூவானம் மட்டும் அவர் மீசையிலிருந்து விழுந்துகொண்டிருந்தது.

தேர்வுக் குழுவின் கார் வந்தது. மூன்று பேர் இறங்கினார்கள். தலைவர், ஒரு பேராசிரியை, பேசாத ஒருவர். தலைவர் பாக்கெட்டில் மைக்கறை படிந்த அரைக்கைச் சட்டை போட்டிருந்தார். ஆடை பார்ப்பவர் என்றுதான் சொல்லியிருந்தார்கள். போடுபவர் என்று யாரும் சொல்லவில்லை.

அவர் குடைகளைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். அருகே இருந்த மேடத்திடம் கேட்டார்: “மழை பெய்யுதா?”

“இல்லைங்க சார்.”

“அப்ப குடை?”

“அறிக்கைங்க சார்.”

தலைவர் இன்னொரு முறை மேலே பார்த்தார். உச்சி சுட்டது. மேடத்தின் குடைக்குள் நுழைந்து, நிழலில் உள்ளே வந்து சேர்ந்தார்.

நேர்காணல் அறையில் ஏசி ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று போன மாதமே விசாரணை நடந்து, காரணம் ஈரப்பதம் என்று அறிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. கொடுத்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதலில் மேடத்தைக் கூப்பிட்டார்கள்.

“இன்னிக்கு மழை வருமா?” என்றார் தலைவர்.

“வராதுங்க சார்.”

“அப்ப அறிக்கை தப்பா?”

“தப்புதாங்க சார்.”

“உங்க சொந்த அலுவலகத்து அறிக்கையைத் தப்புன்னு வெளியாட்கள்கிட்ட சொல்றீங்க.”

“கேட்டீங்க, சொன்னேன் சார்.”

“ஆனா குடை பிடிச்சுக்கிட்டு நின்னீங்க.”

“விதிங்க சார்.”

“நம்பாம பிடிச்சீங்க,” என்றார் பேராசிரியை. எழுதிக்கொண்டார்.

அடுத்து ஈரப்பதம். கோட் நடந்து வந்து அவர்கள் முன் நின்றது. உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தபோது காற்று வெளியேறுகிற சத்தம் கேட்டது.

“முதல்ல அந்தக் கோட்டைக் கழட்டுங்க, சூடா இருக்கு,” என்றார் தலைவர் அன்பாக.

“பரவாயில்லைங்க ஐயா.”

“நாங்க ஒண்ணும் நினைக்க மாட்டோம்,” என்றார் பேராசிரியை. “தாராளமா கழட்டுங்க.”

“அறிக்கை இன்னும் காலாவதியாகலைங்க மேடம்.”

பேராசிரியை பேனாவைக் கீழே வைத்தார். தலைவர் நாற்காலியில் சற்று நிமிர்ந்தார்.

“மழை வரும்னு இப்பவும் சொல்றீங்களா?”

ஈரப்பதம் ஜன்னலைப் பார்த்தார். வெளியே, நிறுத்தியிருந்த காருக்கு அடியில் ஒரு நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு படுத்திருந்தது.

“என் வார்த்தை ஒண்ணுதாங்க ஐயா. வர்றதும் வராததும் மழையோட இஷ்டம்.”

பிறகு காற்றழுத்தம் பற்றிக் கேட்டார்கள். சொன்னார். புயல் எச்சரிக்கை பற்றிக் கேட்டார்கள். சொன்னார். வேலையில் அவர் ஒன்றும் மோசமில்லை. ஒரு கோட்டால் மட்டுமே கெட்டுப்போகிற அளவுக்கு நல்லவர்தான். பதில் சொல்லச் சொல்ல முகம் சிவந்து, பின் வெளுத்து, இரண்டுக்கும் நடுவே ஒரு நிறத்தில் நின்றது. கோட்டின் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு ஷூவின் மேல் விழுந்தது. இன்னொன்று தரையில் விழுந்தது. அதுவரைக்கும் பேசாதவர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“வெளிய தூற ஆரம்பிச்சிடுச்சா?”

மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். ஷூவைச் சுற்றி வட்டமாக ஈரம் பரவியிருந்தது. மூன்று பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள். அங்கே நாய் இருந்தது.

“ஐயோ, இது சரிப்படாது,” என்று தலைவர் எழுந்தார். மேஜையைச் சுற்றி வந்தார். “கழட்டுங்க, நான் வாங்கித் தொங்க விடறேன். ஒரு டம்ளர் தண்ணி குடிங்க, அப்புறம் பேசலாம்.” சொல்லிக்கொண்டே கோட்டின் காலரில் கை வைத்தார்.

ஈரப்பதம் இரண்டு கையாலும் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் நாற்காலி தெரிந்தது, சகலை தெரிந்தார், பந்தி முழுக்கச் சிரிப்பது தெரிந்தது. கையை எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. எடுக்காவிட்டாலும் முடிந்தது மாதிரிதான்.

“ஐயா,” என்றார். “பதவி போனாலும் போகட்டும். கோட்டுல மட்டும் கை வைக்காதீங்க.”

தலைவர் கையை எடுத்தார். மெதுவாகப் பின்னால் நகர்ந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

“இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்ல,” என்றார் கடைசியில், பக்கத்தில் இருந்தவரிடம்.

பேசாதவர் தலையசைத்தார்.

நியமன உத்தரவு சீக்கிரமே வந்தது. அதில் பொதுவாக இருக்கிற வரிகளோடு ஒரு வரி கூடுதலாக இருந்தது. தாம் வெளியிட்ட அறிக்கைக்குத் தாமே இறுதிவரை கட்டுப்பட்டு, குழுவினர் மூன்று முறை வற்புறுத்தியும், தமது உடல்நலத்தையும் பதவியையும் பொருட்படுத்தாமல் உறுதி காத்தமை குழுவின் கவனத்தை ஈர்த்தது. அந்த வரியைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, அலுவலக வரவேற்பறையில் மாட்டினார்கள். படகுக்காரர்களிடமிருந்தும் ஒரு கடிதம் வந்தது. அதை மாட்டவில்லை.

சகலை போன் பண்ணி, “என்ன தலைமை, சௌக்கியமா?” என்று கேட்டார். ஈரப்பதம், “இருக்கேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் இன்னொரு தடவை அப்படிக் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தார்.

மேடம் நேரில் வந்து வாழ்த்துச் சொன்னார். கை குலுக்கிவிட்டு, போகாமல் நின்றார்.

“ஒண்ணு கேக்கலாமா சார்? உங்களுக்கு அன்னிக்கு மூச்சே வாங்கிச்சு. அவர் வந்து கையை வெச்சப்பவாவது கழட்டியிருக்கலாமே?”

“கொள்கைம்மா,” என்றார் தலைமை முன்னறிவிப்பாளர்.

“அப்படியா சார்,” என்றார் மேடம்.

கோட்டுக்கு அடியில் அன்று சட்டையின் காலரும், டைக்குப் பின்னால் ஒரு சாண் அகலத் துணியும் மட்டும்தான் இருந்தன. மிச்சச் சட்டையை மனைவி காலையிலேயே கத்தரித்து, அடுப்பு மேடை துடைக்க எடுத்துக்கொண்டிருந்தாள்.